கணியூருக்கு ட்ரையல் போன லேப்டாப்

எங்கள் ஆபீசுக்கு விளக்குமாறு வாங்கப் போன இடத்தில்தான் அந்த அக்காவை எனக்கு முதன்முதலாகப் பிடிக்காமல் போனது. கட்டிலிருந்து ஒன்றை உருவி, கடைக்காரர் "ஏனுங்கம்மா, ஏனுங்கம்மா" என்று பதறப் பதற, அவருடைய கடையையே பாதி பெருக்கிவிட்டார். பிறகு, "இது ஈர்க்கு உதிருது, வேண்டாம்" என்று அதை வைத்துவிட்டு அடுத்ததை உருவினார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்த முகம் எதுவும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது முருகா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"என்னட்டி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்க? போட்டுப் பாக்காம எதையும் வாங்கப்படாது" என்றார் வரும் வழியில். விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு திருப்பூர் பஜாரில் அவர் நடந்த நடை இருக்கிறதே, ஏதோ போட்டியில் ஜெயித்துவிட்டு வருகிற நடை.

எங்களுடையது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. லேபிள் அச்சடிக்கிற கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. பனியன் கம்பெனிகளுக்கு நூல் உள்ளே வருவதிலிருந்து பெட்டி வெளியே போவது வரைக்கும் கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருள் எழுதுவோம். நான் புரோகிராமர். அக்கா அதற்கு முன் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெளிநாட்டுக்காரன் என்ன கேட்கிறான், இங்கே என்ன தைக்கிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று அடிவாங்குகிற வேலை அது. எங்கள் முதலாளி தம் மென்பொருளை விற்க அந்தக் கம்பெனிக்குப் போனபோது, அக்கா மவுஸைப் பிடுங்கி, அமுக்கக் கூடாத இடமாகப் பார்த்து அமுக்கி, முதலாளி கண்முன்னாலேயே அதைப் படுக்கவைத்துவிட்டாராம். அடுத்த மாதமே அக்கா எங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். "நம்மளக் கேவலப்படுத்தறவங்கள வெளிய உட்டு வெக்கறதுக்கு, சம்பளங் குடுத்து உள்ளயே வெச்சுக்கலாமுங்" என்பார் முதலாளி.

அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்காக அப்பா அம்மா இங்கே வந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வந்தவர். படித்ததும் வளர்ந்ததும் திருப்பூர்தான். ஆனாலும் நாக்கு மட்டும் ஊரைவிட்டு வரவே இல்லை. எங்கள் ஆட்கள் "சொல்லுங், வாங்" என்று குழைந்துகொண்டிருக்கும்போது நடுவில் "என்னத்தச் சொல்லுதிய?" என்று ஒரு போடு போடுவார். எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் திட்டு வாங்கிய மாதிரி விழிப்பார்.

இந்தப் போட்டுப் பார்க்கிற பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதற்கு அவரே ஒரு கதை வைத்திருந்தார். பழைய கம்பெனியில் குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர் ஒன்று. அளவுத்தாளில் எல்லாம் சரி. தோள் சரி, உயரம் சரி, கழுத்து சரி. டேப் வைத்து அளந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கப்பலேறிப் போன பிறகுதான் தெரிந்தது, சட்டை எந்தக் குழந்தையின் தலையிலும் நுழையவில்லை! கழுத்து இழுத்தால் விரிகிறதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அத்தன பேரு வீட்லயும் பிள்ளையள் இருக்கு. ஒருத்தராவது ஒரு சட்டய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, தன் பிள்ள தலையில மாட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா?" என்பார். சொல்லும்போது சிரிப்பார். கேட்கிற நாங்களும் சிரிப்போம். ஆனால் அந்தக் கையெழுத்துகளில் அவருடையதும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லுவார்.

அதன் பிறகு அக்கா போட்டுப் பார்க்காத பொருளே கிடையாது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கையோடு பருப்பும் குக்கரும் கொண்டுபோவார். சமையலறையில் ஒரு சாம்பார் வைத்துத் தாளித்துப் பார்ப்பாராம். தாளிக்கிற புகை ஹாலுக்கு வந்தால் அந்த வீடு வேண்டாம். அப்படி ஒரு வீட்டுக்காரர், வீட்டை வேண்டாமென்று சொன்ன கோபத்தையும் மறந்து, வைத்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு, "நல்லாத்தானுங் இருக்குது" என்றாராம். சோபா வாங்கப் போன கடையில் மத்தியானத் தூக்கமே தூங்கியிருக்கிறார்.

என்னையும் விடவில்லை. சாயப்பட்டறைகளுக்காக நான் ஒரு டேப்லெட் திரை எழுதியிருந்தேன். சின்னச் சின்னப் பட்டன்களாக, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டார். அங்கே சூப்பர்வைசர் அண்ணன் ஈரக் கையோடு வந்து அமுக்குகிறார், அமுக்குகிறார், ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கையத் தொடச்சுட்டுத் தொடச் சொல்லுங்கக்கா!"

"நீ டெய்லி வந்து தொடச்சு விடுதியா?"

அன்றைக்கு ராத்திரி சாப்பாடுகூட இறங்கவில்லை எனக்கு. மறுநாள் வாயை மூடிக்கொண்டு பட்டன்களைப் பெரிதாக்கினேன். இப்போது அக்கா எங்கள் ஆபீசில் இல்லை. பழைய ஏற்றுமதி வேலைக்கே திரும்பி, கடல் தாண்டி எங்கேயோ ஒரு தேசத்துத் தையல் ஃபாக்டரியில் இருக்கிறார். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் லேப்டாப் மாட்டியது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கணியூரில் பம்ப்செட் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், நல்ல குடும்பம், எங்களைப் போலவே முருகனைக் கும்பிடுகிற குடும்பம். எல்லாம் சரி. ஆனால் கணியூரிலிருந்து திருப்பூருக்குத் தினமும் வந்துபோக முடியுமா? மடத்துக்குளம் வந்து, உடுமலை வந்து, பல்லடம் தாண்டி வந்து சேர்வதற்குள் ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடும். எங்கள் ஆபீசிலோ எல்லாமே மேசைக் கம்ப்யூட்டர். வீட்டிலிருந்து வேலை செய்த ஆள் அதுவரை ஒருத்தரும் இல்லை.

முதலாளி நேராகவே சொல்லிவிட்டார். "கண்ணு, கணியூர்ல உக்காந்துட்டே வேலை செய்ய முடியும்னு கல்யாணத்துக்கு முன்னால எனக்குக் காட்டிப்போடு. நானும் வேற ஆளு தேடமாட்டேன். முடியலீன்னா நா ஆளு எடுத்துத்தான் ஆகோணும். பொறகு வெசனப்படக் கூடாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வேலையை விட எனக்கு மனசே இல்லை. நான் எழுதிய திரையை ஒருத்தர் எங்கேயோ அமுக்கி, ஒரு லாரி கிளம்புகிறது என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? கல்யாணம் பண்ணிக்கொண்டால் அதையெல்லாம் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

லேப்டாப் வாங்க வேண்டும் என்றதும் ஆளாளுக்கு வந்து ஓதினார்கள். மாப்பிள்ளை, கீபோர்டில் சிவப்பும் பச்சையுமாக லைட் எரிகிற, கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் வாங்குகிற தடியன் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினார். பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகன், "மேக் வாங்கு, கண்ணை மூடிட்டு வாங்கு" என்றான். முதலாளி, விண்டோஸ் போட்ட ஏதாவது ஒன்று போதும் என்றார். நான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் மென்பொருள் ஓடுகிற சர்வர்கள் எல்லாம் லினக்ஸ். எழுதுகிற இடமும் ஓடுகிற இடமும் ஒன்றாக இருந்துவிட்டால், இங்கே ஓடியது அங்கே போய்ப் படுத்துக்கொள்கிற தலைவலி பாதி குறைந்துவிடும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இருக்கட்டும். நீ எங்ஙன உக்காந்து அடிப்ப?" என்றார்.

"எங்கன்னா?"

"அந்த வீட்டுல எந்த எடத்துல? மேசையா, மடியா? கரண்டு போனா வர எவ்வளவு நேரமாகும்? அங்ஙன நெட்டு இருக்கா?"

பெண் பார்க்க அவர்கள்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டை நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளைக்கு போன் போட்டுக் கேட்டேன். ஒயர் இழுக்கிறேன் என்று சொன்ன கேபிள்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், போன் நெட்டுதான் என்றார். கரண்டு அப்பப்போ போகும் என்றார். எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு, "எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றார் பாவம்.

"எங்க வேணும்னாலும்னா எங்கயும் இல்லேன்னு அர்த்தம்" என்றார் அக்கா. எனக்குக் கோபம் வந்தது. அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் வந்த கோபம்.

லேப்டாப் கடையில் அக்கா நடத்திய கூத்து தனி. காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இடுப்பில் வைத்து நடந்து பார்த்தார். மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, கீல் ஆடுகிறதா என்று பார்த்தார். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து மடியில் கொடுத்து அடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை சொன்ன தடியன் மடியில் ஏறியதும் தொடை சுட்டது. "இத வச்சு தோசை ஊத்தலாம்" என்று அதை ஒதுக்கினார். கடைசியில் கனமில்லாத, வெளிச்சம் கண்ணைக் குத்தாத, பேட்டரி நின்று பிடிக்கிற ஒன்றை எடுத்து வைத்தோம்.

"பிள்ள, ஒன் லினக்ஸ எடு" என்றார். லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கம்ப்யூட்டருக்குள் எதையும் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். அதைச் செருகப் போனதும் கடைக்காரர் ஓடிவந்தார்.

"மேடம், அதெல்லாம் பண்ணக் கூடாதுங்க. விண்டோஸ் போயிருமுங்க!"

"ஒண்ணும் போவாது. துணிக்கடையில சட்டயப் போட்டுப் பாத்துட்டுக் கழட்டி வைக்கமாட்டமா? அப்பிடித்தான். பாத்துட்டுக் கழட்டிருவோம்."

அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜரிடமும் அக்கா அதையே சொன்னார், இன்னும் சத்தமாக. கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மேனேஜர் பாவம், போட்டுப் பாருங்க தாயே என்று விட்டுவிட்டார். லினக்ஸ் வந்தது. வைஃபை பிடித்தது, சத்தம் கேட்டது, மூடினால் தூங்கியது, திறந்தால் விழித்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பாஸ்!" என்றார். காட்சிக்கு வைத்ததைத் தரமாட்டோம், அதே மாடலில் புதுப்பெட்டி தருகிறோம் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்தப் பெட்டியை அன்றைக்கே பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை. அக்கா கத்தரிக்கோலோடு தயாராகத்தான் இருந்தார். என் அம்மா விடவில்லை. எங்கள் வீட்டில் தறி வந்தாலும் சரி, தையல் மிஷின் வந்தாலும் சரி, மஞ்சள் குங்குமம் வைத்து முருகனுக்குச் சூடம் காட்டாமல் பிரிக்கமாட்டார்கள். "கிருத்திகை வருது, அன்னிக்குப் பிரிச்சுக்கலாம்" என்றார் அம்மா. இது எப்படியோ கணியூருக்கும் எட்டிவிட்டது. மாமியாராகப் போகிறவர் அம்மாவுக்கே போன் பண்ணி, "நம்மூட்டுக்கு வரப்போற மிஷினுதானுங்களே? பூசைய நம்மூட்டுலயே வெச்சுக்கலாமுங். கொண்டுவரச் சொல்லுங்" என்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாவது? அம்மா திணறினார். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார். "பொண்ண யாரு கூட்டிட்டுப் போறா? லேப்டாப்பக் கூட்டிட்டுப் போறோம். அதத் தட்ட ஒரு ஆளு வேணும்லா?" பெட்டியை உடனே பிரிக்க முடியாததில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் கணியூர் வீட்டையே உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்ற ஆசையில் அதை விட்டுக்கொடுத்தார். அதுவும் இல்லாமல், கடையில் பாஸ் ஆன மாடல்தானே?

கிருத்திகை அன்று காலையில் நானும் அக்காவும் கணியூரில் போய் இறங்கினோம். மாமியாராகப் போகிறவரை அத்தை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் எதையும் கண்டுகொள்ளாமல், "வா கண்ணு, வாங்கம்மணி" என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். மாமனார் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவும் மகனும் மட்டும்தான் வீட்டில். பூசை முடிந்தது. லேப்டாப் மூடியில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு லினக்ஸை ஏற்றினேன். எல்லாம் வந்தது. போனிலிருந்து நெட்டை எடுத்துத் தர வேண்டிய வைஃபை மட்டும் வரவில்லை.

அணைத்துப் போட்டேன். வரவில்லை. மறுபடி ஏற்றினேன். வைஃபை என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "மெதுவா பாருங்க" என்றார். அத்தை சூடத்தட்டோடு நின்றபடி, "சாமி குத்தம் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்றார்.

"சாமி மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார் அக்கா. உள்ளே வைஃபைக்கென்று இருக்கிற சில்லின், அதாவது சிப்பின், பெயரை நான் பார்த்துச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கடையில் பார்த்ததில் இருந்த சில் வேறு, இதில் இருந்தது வேறு. மாடல் பெயர் ஒன்றுதான், உள்ளே மாற்றிவிட்டார்கள். இந்தப் புதுச் சில்லை என் லினக்ஸுக்குத் தெரியாது. "தப்பு எம்மேலதான். சேம்பிள் ஒரு லாட்டு, வந்த சரக்கு வேற லாட்டு. இருவது வருசமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னிக்கி நானே ஏமாந்துட்டேன்."

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "நூலு லாட்டு மாறிப்போச்சுன்னா துணியில பட்டை உழுகுமே, அதாட்டமுங்களா?"

"அதேதாம்மா!" என்றார் அக்கா. தாம் பிறந்தது பல்லடத்துத் தறிக்கார வீட்டில் என்று அத்தை அப்போதுதான் சொன்னார். இரண்டு பேரும் என்னையும் லேப்டாப்பையும் அந்தரத்தில் விட்டுவிட்டு லாட்டு மாறிய துணிகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அந்த எரிச்சலில்தான் யோசனையும் வந்தது. போனை ஒயர் போட்டு லேப்டாப்பில் செருகினால் வைஃபை இல்லாமலே நெட் வரும். செருகினேன். வந்தது! ஆனால் ஹாலில் போனுக்கு டவர் இல்லை. மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு மூலைமூலையாக அலைந்தார். சமையலறையில் இல்லை. எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த ரூமில் இல்லை. மாடியில் இருந்தது, அங்கே வெயில் பிளந்தது. கடைசியில் ஒரே ஓர் இடத்தில் டவர் நிறைய வந்தது. அத்தையின் ரூமில், கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில்.

வைஃபை இருந்திருந்தால் போனை அந்த ஜன்னலில் வைத்துவிட்டு நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஒயர் ஒரு முழம். போன் இருக்கிற இடத்தில்தான் நானும் இருந்தாக வேண்டும்.

எல்லாரும் அந்த ரூம் வாசலில் நின்றோம். அத்தை சட்டென்று, "அதுக்கென்னொ, இங்கயே உக்காந்துக்கட்டும். நா ஹால்ல படுத்துக்கறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை மேசையைத் தூக்கிவரக் கிளம்பிவிட்டார்.

"வேண்டாம்மா. இப்பவே சொல்லாதிய" என்றார் அக்கா.

நான் அவர் கையைக் கிள்ளினேன். கொடுக்கிறேன் என்று சொல்லுகிறவரிடம் போய் இப்படியா பேசுவது? கடையைப் பெருக்கியதுகூடப் பரவாயில்லை, என் வாழ்க்கையில் வந்து பெருக்குகிறாரே இந்த மனுஷி!

அக்கா கையை உதறிவிட்டுத் தொடர்ந்தார். "நீங்க நல்ல மனசோடதான் சொல்லுதிய. ஆனா நாலு மாசம் கழிச்சு ஒங்க முதுகு வேற சொல்லும். அப்ப நீங்களும் வாயத் தொறந்து சொல்லமாட்டிய, இவளுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் உள்ளுக்குள்ளயே புழுங்குவிய. இன்னிக்கு இவ இங்ஙன உக்காந்து சாயங்காலம் வரைக்கும் வேல செய்யட்டும். நீங்க ஹால்ல படுத்துப் பாருங்க. பொறவு சொல்லுங்க."

அத்தைக்குக் கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "செரி, அப்புடியே ஆகட்டுமுங்" என்று சாப்பாடு போடப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலாளிக்குத் தகவல் சொல்லி, பாக்கியிருந்த உண்மையான வேலையையே எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் சைஸ் கலந்து போனால் எச்சரிக்கிற பகுதி அது. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். புரண்டார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனார். வந்து படுத்தார். ஃபேன் தள்ளி இருக்கிறது என்று பாயை நகர்த்தினார். எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. ஒவ்வொரு புரளலுக்கும் என் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போவது போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. "ஏங்கண்ணு, ஒரு ஓரமா நானும் படுத்துக்கட்டுமா?"

அவருடைய ரூம். அவருடைய கட்டில். என்னிடம் வந்து கேட்கிறார்! பதறி எழுந்துவிட்டேன். "நீ உக்காரு சாமி" என்று அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடக்கூட யோசித்தேன்.

"ஏன் நிறுத்திப்போட்ட?"

"தட்டற சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமுங்களே, அத்தை."

"அட நீ வேற! தறிக்குப் பக்கத்துல தொட்டில் கட்டி வளத்தாங்க என்னைய. சத்தம் இல்லாட்டித்தான் எனக்குத் தூக்கம் வராது. இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து மத்தியானத்துல கண்ண மூடுனதே இல்ல. நீ பாட்டுக்குத் தட்டு."

தட்டினேன். முதலில் பயந்து பயந்து, பிறகு வழக்கம் போல. அந்தப் பகுதியை எழுதி முடித்து ஆபீசுக்கு அனுப்புகிற நேரத்தில் பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. நல்ல, நிம்மதியான, சாவகாசமான குறட்டை. என் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, திரையே தெரியவில்லை. பிற்பாடு ஓர் அப்டேட்டில் லினக்ஸுக்கு அந்தச் சில்லைத் தெரிந்துபோனது, வைஃபை வந்துவிட்டது. மாப்பிள்ளை ஹாலில் நல்ல மேசை ஒன்று போட்டுத் தந்தார். அதில் இப்போது பம்ப்செட் பில்புத்தகங்கள் இருக்கின்றன. நான் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். காலடிச் சத்தம் கூட இல்லாமல் என்னைத் தாண்டி வந்து, டவர் கிடைக்கிற அந்த ஜன்னலில் போய் நின்று, தம் போனைக் காதில் வைத்துக்கொண்டார். மிஷின்கள் ஓடுகிற ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. அதிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சார், வேற ஆளு பாக்க வேண்டாம். இவளே போதும்... என்னது? கேக்கலியா? இதுக்கு மேல சத்தமாப் பேச முடியாது சார். இங்ஙன ஒரு அம்மா உறங்குதாவ."